குடிநுழைவு: ஒரு சொல்லும் ஜொகூர் எல்லையும்

சென்னை வானூர்தி நிலையத்தில் பயணி ஒருவர் தடுத்து நிறுத்தப்பட்டால், தமிழகச் செய்தித்தாள்கள் அவரைக் 'குடியுரிமை அதிகாரிகள்' விசாரித்ததாக எழுதுகின்றன. அதே பணியைச் செய்யும் அலுவலகத்தை இலங்கை அரசு 'குடிவரவு குடியகல்வுத் திணைக்களம்' என்று தமிழில் குறிக்கிறது. ஜொகூர் பாருவில் வாழும் தமிழரோ அதனைக் 'குடிநுழைவுத் துறை' என்பர். நீரிணைக்கு அப்பால் உள்ள சிங்கப்பூர்த் தமிழரும் அவ்வாறே கூறுவர். மேசை ஒன்று, முத்திரை ஒன்று, கேட்கப்படும் வினாக்களும் ஏறத்தாழ ஒன்று. எனினும் பெயர்கள் மூன்று. இவ்வேறுபாட்டை வட்டார வழக்கு என்று கூறி ஒதுக்கிவிடுதல் எளிது. ஆனால் ஒவ்வொரு சொல்லின் பின்னும் அந்நாட்டுத் தமிழர் எல்லையைக் கடந்ததும், கடக்க நேர்ந்ததும், கடக்கவிடாது தடுக்கப்பட்டதும் ஆகிய வரலாறு நிற்கின்றது. இவற்றுள் 'குடிநுழைவு' என்னும் சொல்லின் பொருளையும் ஆட்சியையும் ஆராய்வதற்கு ஜொகூரைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை எனலாம்.

'குடி' என்பது தமிழின் மிகப் பழைய சொற்களுள் ஒன்று. குடும்பம், குலம், ஊரில் நிலைத்து வாழும் மக்கள், அரசனின் ஆட்சிக்கு உட்பட்டோர் எனப் பல பொருள்களை அது தாங்கி நிற்கிறது. திருக்குறளின் 'குடிமை', 'குடிசெயல்வகை' ஆகிய அதிகாரங்களில் பிறந்த குலத்தையும் குடும்பத்தையும் சுட்டும் இச்சொல், அரசியல் பற்றிய இடங்களில் ஆளப்படும் மக்களைச் சுட்டுகிறது. குடியிருப்பு, குடித்தனம், குடிக்கூலி முதலிய சொற்களையும் உடன்வைத்து நோக்கினால், இப்பொருள்கள் அனைத்துக்கும் அடியில் ஓரிடத்தில் வேர்கொண்டு வாழ்தல் என்னும் ஒரே கருத்து இருத்தல் புலனாகும். நாட்டின் உரிமையாளனைக் குறிக்க இன்று வழங்கும் 'குடிமகன்' என்னும் சொல், முற்காலத்தில் சில வட்டாரங்களில் ஊர்ப்பணி செய்து பிழைத்தவரைக் குறித்தது என்பதையும் ஈண்டு நினைவுகூரலாம். சொற்களும் தம் நிலையில் உயர்ந்து குடியுரிமை பெறுவதுண்டு.

இனி 'நுழைவு'. புகுதல், நுழைதல் ஆகிய இரண்டும் உள்ளே செல்லுதலையே குறிப்பினும், இரண்டும் ஒன்றல்ல. மணமகள் புக்ககம் புகுவாள். மன்னன் நகர் புகுவான். நூல் ஊசிக்காதில் நுழையும். நண்டு வளைக்குள் நுழையும். புகுதலில் வரவேற்பு உண்டு. நுழைதலில் இடுக்கு உண்டு. 'நூழை' என்னும் பழஞ்சொல் சிறு துளையையும் குறுகிய வழியையும் குறித்தமை இதற்குச் சான்று. 'புகு' என்னும் வேரிலிருந்து 'புகல்', 'புகலிடம்' என்னும் அடைக்கலப் பொருள் தரும் சொற்கள் பிறந்தன. 'நுழை' என்பதிலிருந்து அத்தகைய சொல் எதுவும் பிறக்கவில்லை. எனவே 'குடிநுழைவு' என்னும் தொடர் தன்னுள்ளேயே ஒரு முரணைக் கொண்டுள்ளது. முதற்பாதி வேர்கொண்டவனைச் சொல்கிறது. மறுபாதி இடுக்கு வழியே உள்ளே செல்பவனைச் சொல்கிறது.

பழந்தமிழர்க்கு எல்லை என்பது என்னவாக இருந்தது? தொல்காப்பியப் பாயிரம் தமிழ் வழங்கும் நிலத்துக்கு வடக்கே வேங்கடத்தையும் தெற்கே குமரியையும் எல்லையாக வகுத்தது. அதற்கு அப்பாற்பட்ட நாட்டைச் சங்கப் புலவர்கள் 'மொழிபெயர் தேயம்' என்றனர். மலையோ ஆறோ அன்று, மொழி மாறும் இடமே எல்லை என்பது அவர்தம் கருத்து. அன்று வேற்று நிலத்தைக் காட்டிய 'மொழிபெயர்' என்னும் தொடர் இன்று ஒரு நூலை ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குக் கொணர்தலைக் காட்டுவது வியப்புக்குரியது. அக்காலத்தில் அரசின் முத்திரை மனிதர்மேல் விழவில்லை, பண்டங்கள்மேல் விழுந்தது. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் ஏற்றுமதிக்கும் இறக்குமதிக்கும் உரிய பொதிகளில் சோழரின் புலிப்பொறி இடப்பட்ட செய்தியைப் பட்டினப்பாலை விரித்துரைக்கிறது. அவ்வரிக்கு 'உல்கு' என்று பெயர். பின்னர் அது 'சுங்கம்' ஆயிற்று. அவ்வரியை நீக்கியமைக்காக முதலாம் குலோத்துங்கன் 'சுங்கம் தவிர்த்த சோழன்' எனப் புகழப்பட்டான். சுங்கத்துக்குத் தமிழில் ஈராயிரம் ஆண்டு வரலாறு உண்டு. குடிநுழைவுக்கு அத்தகைய வரலாறு இல்லை. மக்களை எல்லையில் நிறுத்தி, 'நீ எந்நாட்டுக் குடி?' என்று வினவும் வழக்கம் இந்த நூற்றிருபது ஆண்டுகளுக்குள் வேரூன்றியது. அதற்கு ஏற்பவே சொல்லும் புதிதாகப் பிறந்தது.

மலாயாவில் இவ்வழக்கம் தொடங்கிய விதம் விந்தையானது. 1907-ஆம் ஆண்டில் நீரிணைக் குடியேற்றங்களிலும் கூட்டரசு மலாய் மாநிலங்களிலும் ஆங்கிலேயர் ஒரு நிதியை நிறுவினர். அதன் ஆங்கிலப் பெயரை இன்றைய தமிழில் 'தமிழர் குடிநுழைவு நிதி' என்றுதான் பெயர்க்கவேண்டும். தோட்ட முதலாளிகள் தம் தொழிலாளர் எண்ணிக்கைக்கு ஏற்ப அந்நிதிக்குப் பணம் செலுத்தினர். அப்பணத்தைக் கொண்டு தென்னிந்தியத் தொழிலாளர் கட்டணமின்றிக் கப்பலில் கொண்டுவரப்பட்டனர். அதாவது, குடிநுழைவு என்று பின்னாளில் தமிழில் வழங்கப்பட்ட அந்த ஆங்கிலச் சொல் அன்று வாயிற்கதவைத் திறப்பதற்கான சொல். ஆள் சேர்ப்பதற்கான சொல். ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் நிறுத்தப்பட்ட பின்னர், கங்காணிகள் இந்நிதியின் துணையோடு தம் ஊராரை அழைத்து வந்தனர். இரப்பர் பரவப் பரவ சிகாமாட், லாபிஸ், குளுவாங், கூலாய் முதலிய ஜொகூர்ப் பகுதிகளில் தமிழர் வாழும் தோட்டங்கள் பெருகின. 1909-இல் ஜொகூர் வழியாக இருப்புப்பாதை நிறைவேறியதும் இதற்கு உதவிற்று. ஜொகூர் பாரு இராஜமாரியம்மன் கோயில் 1911-இல் தோன்றியது. கோயில் எழுப்பியவர் தம்மை வந்துபோவோராகக் கருதியிருக்க இயலாது. சட்டம் அவர்களைக் 'கூலி' என்றது; அவர்கள் எழுப்பிய கோயில் அவர்களைக் 'குடி' என்றது.

அந்நாளில் வந்தோர் தம் வருகையை எச்சொல்லால் குறித்தனர் என்பதும் நோக்கத்தக்கது. 'கப்பலேறி வந்தோம்', 'அக்கரைச் சீமைக்கு வந்தோம்' என்பனவே மக்கள் வழக்கு. நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூர்வரை ஓடிய கப்பல்களுள் 1926-இல் கட்டப்பட்ட 'ரஜூலா'வின் பெயர் தோட்டங்களில் பல்லாண்டு வழங்கிற்று. இன்றும் 'என் பாட்டனார் கப்பலேறி வந்தார்' என்று சொல்லக் கேட்கலாம். 'என் பாட்டனார் குடிநுழைந்தார்' என்று எவரும் சொல்லக் கேட்டல் அரிது. குடிநுழைவு என்னும் பெயர்ச்சொல்லுக்கு மக்கள் நாவில் வினைமுற்று இல்லை. குடிநுழைவுத் துறை, குடிநுழைவு அதிகாரி, குடிநுழைவுச் சட்டம் என அது எப்போதும் அலுவலகத்துக்கு அடைமொழியாகவே வருகிறது. மேசைக்கு அப்பால் அமர்ந்திருப்பவரின் சொல் அது. மேசைக்கு இப்பால் நிற்பவரின் சொல் அன்று.

திறந்த கதவு மெல்ல மெல்லச் சாத்தப்பட்டது. 1933-இல் வந்த அயலார் சட்டம் சீனர் வருகையைக் கட்டுப்படுத்திற்று. பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்து வந்த தமிழர் பேரரசின் குடிகளாதலால் 'அயலார்' எனக் கருதப்படவில்லை. அவர்களைத் தடுத்தது மலாயா அன்று, இந்தியா. தோட்டங்களில் கூலி குறைக்கப்பட்டதை அடுத்து, 1938 ஜூனில் இந்திய அரசு, உதவிபெற்றுச் செல்லும் தொழிலாளர் பயணத்துக்குத் தடை விதித்தது. போர்க்காலத்தில் சப்பானியர் மலாயாத் தோட்டத் தமிழரை ஆயிரமாயிரமாகச் சயாம் இரயில் பாதைக்குக் கொண்டுசென்றபோது எந்தத் தாளும் கேட்கப்படவில்லை. போருக்குப் பின்னர், 1953-இல் நடைமுறைக்கு வந்த குடிநுழைவுச் சட்டம் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் புதிதாக வருவோரைக் கடுமையாக வரையறுத்தது. 1907-இல் அழைத்த சொல் 1953-இல் தடுத்தது. ஒரே சொல்லின் பொருள் அரை நூற்றாண்டுக்குள் தலைகீழாக மாறியதற்கு இதனினும் தெளிவான சான்று காண்பது அரிது. அப்பழைய நிதியும் 1958-இல் தென்னிந்தியத் தொழிலாளர் நிதி என்று பெயர் மாற்றம் பெற்றது; அதன் பெயரிலிருந்து குடிநுழைவு நீங்கிற்று.

எனினும் ஜொகூர்த் தமிழர்க்கு இச்சொல் அன்றாட வாழ்வின் சொல்லாக மாறியது இவற்றாலன்று, ஒரு பாலத்தாலேயே. ஜொகூர் பாருவையும் சிங்கப்பூரின் உட்லண்ட்ஸையும் இணைக்கும் கடற்பாலம் 1 கிலோமீட்டரைச் சற்றே தாண்டும் நீளமுடையது. 1923-இல் அதன்மீது தொடர்வண்டிகள் ஓடத் தொடங்கின. 1924 ஜூன் 28-இல் அது முறைப்படி திறந்துவைக்கப்பட்டது. சட்டப்படி நோக்கினால் அன்றும் அது இரு நாடுகளின் எல்லையே. சிங்கப்பூர் பிரிட்டனின் நேரடி ஆட்சிக்கு உட்பட்டது. ஜொகூர், கூட்டரசில் சேராத, சுல்தானையுடைய மலாய் மாநிலம். ஆயினும் தோட்டத்திலிருந்து கோயில் திருவிழாவுக்கும், சந்தைக்கும், உறவினர் வீட்டுக்கும் செல்வோர்க்கு அது எல்லையாகத் தோன்றவில்லை. 1942 சனவரி 31-இல் பின்வாங்கிய பிரிட்டிஷ் படையினர் பாலத்தின் ஒரு பகுதியை வெடிவைத்துத் தகர்த்தனர். சப்பானியர் அதனை விரைவில் செப்பனிட்டனர். கல்லால் ஆன பாலத்தில் ஏற்பட்ட பிளவு விரைவில் மூடப்பட்டது. 1965 ஆகஸ்டு 9-இல் சிங்கப்பூர் மலேசியாவிலிருந்து பிரிந்தபோது கல்லுக்கு ஊறு ஏதும் நேரவில்லை. ஆனால் அப்பிளவு இன்றுவரை மூடப்படவில்லை. 1967-இல் இரு நாடுகளும் தத்தம் நாணயத்தை வெளியிட்டன. அதே ஆண்டில் பாலத்தின் இரு முனைகளிலும் குடிநுழைவுச் சோதனை நடைமுறைக்கு வந்தது.

இவ்வெல்லையின் தனித்தன்மை இங்கேதான் உள்ளது. சங்கப் புலவர் வகுத்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் ஜொகூர் நீரிணை எல்லையே அன்று. அங்கு மொழி பெயர்வதில்லை. இக்கரையில் பேசப்படும் தமிழும் மலாயும் சீனமுமே அக்கரையிலும் பேசப்படுகின்றன. தைப்பூசம் இரு கரைகளிலும் ஒரே நாளில் வருகிறது. ஒரே குடும்பத்தில் அண்ணன் மலேசியக் குடிமகனாகவும் தங்கை சிங்கப்பூர்க் குடிமகளாகவும் இருத்தல் அரிதன்று. பெயர்வது தாள் ஒன்றே.

அத்தாளின் வலிமையை ஜொகூர்த் தோட்டங்கள் 1969-க்குப் பின்னர் அறிந்தன. 1957 ஆகஸ்டு 31-க்குப் பின்னர் மலாயாவில் பிறந்தோர் பிறப்பினால் குடியுரிமை பெற்றனர். அதற்கு முன்னர்ப் பிறந்தோர் பலர் விண்ணப்பித்துப் பெறவேண்டியிருந்தது. தோட்டத்தில் நெடுங்காலம் மரம் வெட்டிப் பால் எடுத்தவருள் பலர் விண்ணப்பிக்கவில்லை. எழுத்தறிவின்மை, அலுவலகத்துக்குச் செல்ல ஒருநாள் கூலியை இழக்க இயலாமை, 'இங்கேயே இருப்பவனை யார் கேட்பார்' என்னும் நம்பிக்கை ஆகிய யாவும் அதற்குக் காரணம். 1968-ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம், குடியுரிமை இல்லாதார்க்கு வேலை அனுமதிச் சீட்டைக் கட்டாயமாக்கிற்று. 1969-க்குப் பின்னர் அது முனைப்புடன் செயற்படுத்தப்பட்டது. சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்தோர் ஆயிரக்கணக்கில் தோட்டங்களை விட்டு இந்தியாவுக்குக் கப்பலேறினர். அவர்கள் வேர்கொண்ட குடிகள். சட்டத்தின் கண்ணிலோ நுழைந்தவர்கள். 'குடி' என்னும் சொல்லுக்கும் 'நுழைவு' என்னும் சொல்லுக்கும் இடையே உள்ள முரண் வெறும் இலக்கண முரண் அன்று என்பதற்கு அவர்தம் வாழ்வே சான்று.

இதே துயரம் இலங்கையில் இன்னும் பெரிதாக நிகழ்ந்தது. 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றோர் ஆக்கிற்று. 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சியோரின் கதி பின்னர் முடிவு செய்யப்படும் என ஒத்திவைக்கப்பட்டது. அந்நாட்டு அலுவலகத்தின் தமிழ்ப் பெயரில் 'குடிவரவு' என்பதோடு 'குடியகல்வு' என்பதும் சேர்ந்தே நிற்கக் காணும்போது, அகன்று சென்ற அக்கப்பல்கள் நினைவுக்கு வாராதிரா. சொல்லளவில் நோக்கின் இலங்கை வழக்கு வருதலையும் அகலுதலையும் தனித்தனியே சுட்டுவதால் நிறைவுடையது. ஜொகூர் வழக்கில் அகலுதலுக்குத் தனிச்சொல் இல்லை. நாட்டைவிட்டு வெளியேறுவோரும் குடிநுழைவுச் சாவடியையே கடக்கின்றனர். தமிழகத்துச் செய்தித்தாள்களின் வழக்கோ தவறானது என்றே சொல்லவேண்டும். குடியுரிமை என்பது ஒரு நாட்டின் உறுப்பினனாக இருக்கும் உரிமை. முத்திரையிடும் அதிகாரி அதனை வழங்குவதும் இல்லை, பறிப்பதும் இல்லை. இவ்விரண்டையும் ஒன்றாக்கி எழுதும் மாணவன் மொழியில் மட்டுமன்றி வரலாற்றிலும் பிழை செய்கிறான்.

குடியேற்றம் என்னும் சொல்லையும் இதனோடு மயக்கக்கூடாது. நுழைந்தவர் அனைவரும் ஏறியவர் அல்லர். குடியேற்றம் என்பது நிலைத்து வாழ்தல். ஆங்கிலேயர் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகியவற்றைச் சேர்த்து அமைத்த ஆட்சிப் பகுதிக்கே அச்சொல் பெயராயிற்று. 'வந்தேறி' என்பதும் தொடக்கத்தில் வந்து குடியேறியவன் என்னும் அளவில் இயல்பான சொல்லே. மலாயில் 'டாத்தாங்' என்றால் வருதல், வருபவர் 'பெண்டாத்தாங்'. மூன்று தலைமுறையாக ஒரே மண்ணில் பிறந்தவரைப் பார்த்து எவரேனும் அச்சொற்களை வீசும்போதுதான் அவை கூர்மை பெறுகின்றன. வசை சொல்லின் பிறப்பில் இல்லை. காலத்தை மறுக்கும் அதன் ஆட்சியில் உள்ளது.

எல்லையைக் கடத்தலைக் குறிக்கும் மற்றொரு சொற்குடும்பம் 'கட' என்னும் வேரிலிருந்து கிளைத்தது. தமிழகமும் இலங்கையும் 'கடவுச்சீட்டு' என்பதை மலேசியத் தமிழர் பெரிதும் 'கடப்பிதழ்' என்பர். கடவு என்பது வழி. சீட்டு என்பது தனித்தாள். பழைய காலத்தில் பயணத்தாள் ஒற்றைத் தாளாகவே இருந்ததால் சீட்டு என்பது அதற்குப் பொருந்தும். பல பக்கங்களைக் கொண்ட இன்றைய சிறு நூலுக்கு இதழ் என்பதே பொருத்தம். இங்கு ஆசிரியர்கள் கருத்திற்கொள்ளவேண்டிய இடர் ஒன்றுண்டு. 'கட' என்னும் பகுதியோடு 'தல்' விகுதி சேர்ந்தால் 'கடத்தல்' என்றாகும். இலக்கணப்படி அது கடந்து செல்லுதலே. ஆனால் 'கடத்து' என்னும் பிறவினையின் பொருள் அதன்மேல் ஏறிவிட்டதால், 'அவர் எல்லை கடத்தலில் ஈடுபட்டார்' என்று மாணவன் எழுதினால் படிப்போர் காவல்துறையை நினைப்பர். 'எல்லை கடப்பு', 'எல்லை கடப்போர்' என்று எழுதுதல் நலம்.

அத்தகைய எல்லை கடப்போரே இன்று ஜொகூரின் பெரும் மக்கள்தொகுதி. தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீட்டு நிலங்களாகவும் செம்பனைத் தோட்டங்களாகவும் மாறியபோது, தமிழ்க் குடும்பங்கள் மாசாய், பாசிர் கூடாங், ஸ்கூடாய் முதலிய இடங்களுக்குப் பெயர்ந்தன. அங்கிருந்து விடியுமுன் உந்துவண்டியில் புறப்பட்டுச் சிங்கப்பூர்த் தொழிற்சாலைகளுக்குச் சென்று இரவில் திரும்புவோர் பலர். 1998 சனவரியில் திறக்கப்பட்ட இரண்டாம் பாலத்தையும் சேர்த்து, பெருந்தொற்றுக்கு முன்னர் நாள்தோறும் 3 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் எல்லை கடந்தனர். இவர்கள் குடியேறுபவரும் அல்லர், குடிபெயர்பவரும் அல்லர். காலையில் நுழைந்து மாலையில் அகல்பவர். 'குடிநுழைவு' என்னும் சொல் இவர்களை நினைந்து ஆக்கப்பட்டதன்று. 2020 மார்ச்சு 18-இல் மலேசியா எல்லையை மூடியபோது, இச்சொல்லின் போதாமை வெளிப்பட்டது. அன்றாடம் வீடு திரும்பியோர் ஒரே இரவில் அயல்நாட்டில் தங்குவோர் ஆயினர். 1 கிலோமீட்டர்ப் பாலத்தின் இரு முனைகளில் கணவனும் மனைவியும் திங்கள் பலவாகப் பிரிந்திருந்தனர். 2021 நவம்பர் இறுதியில் கட்டுப்பாடுகளோடும், 2022 ஏப்பிரல் 1 முதல் பரவலாகவும் வழி திறந்தது. 2024 மார்ச்சு முதல் சிங்கப்பூரின் தரைவழிச் சாவடிகளில் கடப்பிதழுக்கு மாற்றாகக் கியூஆர் குறியீட்டைக் காட்டியும் கடக்கலாம். இதழில்லாத கடப்பு வந்துவிட்டது.

நுழைவு எங்கே நிகழ்கிறது என்பதுகூட இவ்வெல்லையில் எப்போதும் தெளிவாக இருந்ததில்லை. 1998 ஆகஸ்டில் சிங்கப்பூர் தன் இரயில் சோதனைச் சாவடியை உட்லண்ட்ஸுக்கு மாற்றிக்கொண்டது. மலேசியாவோ தன் சாவடியைச் சிங்கப்பூர் நகரின் தஞ்சோங் பகார் நிலையத்திலேயே வைத்திருந்தது. ஆகவே ஜொகூருக்குப் புறப்பட்ட பயணி தஞ்சோங் பகாரில் மலேசியாவுக்குள் நுழைந்து, பல கல் தொலைவு பயணம் செய்த பின்னர், உட்லண்ட்ஸில் சிங்கப்பூரை விட்டு அகன்றார். இடைப்பட்ட தொலைவில் அவர் எந்நாட்டில் இருந்தார் என்பதை எந்த இலக்கண நூலாலும் விளக்க இயலாது. 2011 ஜூன் 30-உடன் தஞ்சோங் பகாரில் தொடர்வண்டிச் சேவை முடிவுற்றதும் இவ்விந்தையும் முடிந்தது. 2026 இறுதிக்குள் ஓடவேண்டும் எனத் திட்டமிடப்பட்ட, ஏறத்தாழ 4 கிலோமீட்டர் நீளமுள்ள புதிய விரைவு இரயில் பாதையில், இரு நாட்டுச் சோதனைகளும் புறப்படும் நிலையத்திலேயே முடிந்துவிடும்படி ஏற்பாடு செய்யப்பட்டுள்ளது. அதன்படி ஜொகூர் பாருவின் புக்கிட் சாகார் நிலையத்துக்கு வரும் தொழிலாளி, ஜொகூர் மண்ணில் நின்றபடியே மலேசியாவை அகன்று, ஜொகூர் மண்ணில் நின்றபடியே சிங்கப்பூருக்குள் நுழைவார். அதன் பின்னரே வண்டியில் ஏறுவார்.